உயரத்துக்குக் கைதட்டிய நாள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் சிஸ்டர்கள் இருவருக்கும்,

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் வண்டியில் ஏழு வருடம் நர்ஸாக இருந்தேன். வேலையை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. முப்பத்திரண்டு வயதில் பழைய கதை பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. போன வாரம் நம் குழுவின் டாக்டர் போன் செய்து, உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எடை பார்க்கும் மிஷினைச் சரிபார்ப்பதும் படிவம் நிரப்புவதும் ஒரு வாரத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன்.

அந்த வண்டியை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். காலை எட்டேகாலுக்கு விழுப்புரத்தில் ஏறினால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவில் நிற்போம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் இட்லி சாப்பிடுவேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் மாதங்களில் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் யாராவது ஒரு அம்மா வேகவைத்த மல்லாட்டையைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வைப்பார். திரும்பும்போது வண்டி முழுக்கத் தோல் கிடக்கும். இப்போது காலை எட்டேகாலுக்கு என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறேன். நெடுஞ்சாலைப் பக்கம் ஹாரன் கேட்டால் கை ஒரு கணம் நிற்கும். அவள் "அம்மா, இழுக்குது" என்பாள்.

நான் சொல்ல வந்தது திண்டிவனம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு ஜூலை மாதம். என் மகளுக்குப் பத்து மாதம். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்கு வந்து நான்கு வாரம்தான். பகல் இரண்டு மணியானால் பால் கட்டிக்கொள்ளும், புடவை நனையும், மனசு விழுப்புரத்துக்குப் போய்விடும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எடுக்கிற முடிவுகளை நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி உயரம் பார்த்தேன். ஸ்டெல்லா என்ற பெண் மற்ற எல்லாரையும்விட ஒரு தலை உயரம். அளந்து எழுதிவிட்டு, ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை அவள் கையில் ஒட்டினேன். "எல்லாரும் ஸ்டெல்லா மாதிரி நல்லா சாப்பிட்டு நல்லா வளரணும், கைதட்டுங்க" என்றேன். தட்டினார்கள். தலைமையாசிரியையும் தட்டினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு நேராக நின்றாள்.

வண்டி கிளம்பும்போது அவளுடைய அம்மா ரெஜினா ஓடி வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. வீட்டிலேயே தையல் வேலை. பள்ளிச் சீருடை கொடுக்க வந்திருந்தார். பிள்ளைக்கு நெஞ்சில் லேசாக வீங்கினாற்போல் இருக்கிறது, புத்தகப்பையின் வார் பட்டால் வலிக்கிறது என்கிறாள் என்று ஜன்னல் வழியாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மணி இரண்டரை. டாக்டர் முன்சீட்டில் அடுத்த பள்ளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"அது ஒண்ணும் இல்லம்மா, உடம்பு போட்டிருக்கா. பிராய்லர் கோழியைக் கொறைங்க, சரியாப்பூடும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். வண்டி நகர்ந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய் மகளை மடியில் போட்டதும் அந்த வார்த்தை என் நினைவிலிருந்து போய்விட்டது.

ஏழு மாதம் கழித்து, பிப்ரவரியில், அதே பள்ளிக்குப் போனோம். இரண்டாம் வகுப்பு வரிசையில் கண் தானாக உயரமான தலையைத் தேடியது. இல்லை. டீச்சரிடம் கேட்டேன். காய்ச்சலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்கள் வருகிறீர்கள் என்று நேற்று சொல்லி அனுப்பியதிலிருந்து காய்ச்சல் என்றார்.

அதற்குமுன் எத்தனையோ பிள்ளைகள் பரிசோதனை நாளில் வராமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஜன்னல் பேச்சு அந்த நொடியில் முழுசாகத் திரும்பி வந்தது. டாக்டரிடம் போய் ஜூலையில் நான் சொன்னதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பழைய பதிவேட்டைப் புரட்டி அவளுடைய பிறந்த தேதியைப் பார்த்தார். ஏழு வயது மூன்று மாதம். "எட்டு வயசுக்கு முன்னாடி பொம்பளப் பிள்ளைக்கு இது ஆரம்பிச்சா நாம பதில் சொல்லக் கூடாது சிஸ்டர், அனுப்பணும். நீங்க போய்ப் பாருங்க. ஆம்பள டாக்டர் நான் வந்தா கதவத் திறக்க மாட்டாங்க. அடுத்த ஸ்கூல நான் சமாளிக்கிறேன்" என்றார். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் நின்றது. ஸ்டெல்லா உள்ளே தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பிப்ரவரி வெயிலில் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. பக்கத்தில் தட்டில் கேப்பைக் களியும் ரசமும்.

காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரெஜினா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

"நீங்க கோழியைக் கொறைக்கச் சொன்னீங்க சிஸ்டர். கோழி நிறுத்திட்டேன். முட்டை நிறுத்திட்டேன். பாலும் நிறுத்திட்டேன். இவ ராத்திரியில பசிக்குதுனு அழுதுகினு படுப்பா. அப்பவும் நிக்கல" என்றார். "எங்க வூட்டுக்காரரு அக்கா என்னான்றாங்க தெரியுமா? நான் ருசி ருசியா ஆக்கிப் போட்டுப் பிள்ளையப் பழுக்க வச்சிட்டேனாம்."

இந்த இடத்தில்தான் என் வேலைக்காலம் இரண்டாகப் பிரிகிறது. ஜன்னலில் நான் விட்டெறிந்த ஒரு வாக்கியம் ஏழு மாதம் இந்த வீட்டு அடுப்பில் இருந்திருக்கிறது. ஒரு பிள்ளை பசியோடு படுத்திருக்கிறது. பிராய்லர் கோழி என்று நான் எங்கே படித்தேன்? எங்கும் இல்லை. எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். சீருடை போட்டுக்கொண்டு சொன்னேன், அதுதான் வித்தியாசம்.

"அது நான் தெரியாம சொன்னதும்மா. தப்பு என்னுது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏழு வயசுல வயசுக்கு வந்துட்டா நான் என்னா பண்ணுவேன் சிஸ்டர்? பச்ச ஓலை கட்டி உக்கார வைக்கிறதா? தாய்மாமன கூப்ட்டு மஞ்சத்தண்ணி ஊத்தறதா? அவளுக்கு இன்னும் தானா கால் கழுவத் தெரியாது."

என்ன நடக்கிறது என்று எனக்கும் அப்போது முழுசாகத் தெரியாது. தெரியவில்லை என்று சொன்னேன். தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். எப்போதிலிருந்து உயரமாக ஆரம்பித்தாள் என்று கேட்டேன். தாய்மார்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது கண்ணுக்குத் தெரியாது. ரெஜினா எழுந்துபோய் மிஷின் டிராயரிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துவந்தார். ஊர்ப் பெண்களின் ரவிக்கை அளவெல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் 'பாப்பா' என்று தனியாக.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்டெல்லாவுக்குத் தரையைத் தொடும் கவுன் தைப்பாராம். தோளிலிருந்து பாதம்வரை அளவு. அவளுக்கு ஐந்து வயதான கிறிஸ்துமஸ், முப்பத்து நான்கு இஞ்ச். அடுத்தது, முப்பத்தாறு. அதற்கடுத்த ஈஸ்டர், நான்கே மாதத்தில், முப்பத்தேழரை. போன கிறிஸ்துமஸ், நாற்பது.

நான் கைதட்டச் சொன்ன ஜூலை, அந்த ஈஸ்டருக்கும் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் இருந்தது. அந்தப் பள்ளியில் நான் எழுதிய அட்டையில் ஒரே ஒரு அளவுதான். ஒரு அளவு உயரத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. வேகம் ஒரு தையல்காரியின் நோட்டில் இருந்தது.

கிளம்பும்போது ஸ்டெல்லா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "சிஸ்டர், இப்பவும் நான்தான் ஒசரமா?"

ஆமாம் என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை. முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்து அவர்களோடு புதுச்சேரிக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று நம் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா அருள்தாஸும் வந்தார். மினி லாரி ஓட்டுகிறவர், குள்ளமான மனிதர், வாய் ஓயாது. வழியெல்லாம் பிள்ளையைச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தார். ரெஜினா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பரிசோதனைகளை விவரிக்கவில்லை, உங்களுக்குத் தெரியும். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். வயது ஏழு, எலும்புக்கு வயது பத்து. மூளையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அதற்குத் தேதி கிடைத்து முடிவு வரும்வரை பத்து நாள். ரெஜினா எனக்குத் தினமும் இரண்டு முறை போன் செய்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மூளையின் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடம் விட்டு விட்டு ஒரு சைகை அனுப்பும். அதைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி விழிக்கும். அது போய்ச் சினைப்பைகளை எழுப்பும். பிறந்து சில மாதம் இந்தச் சைகை எல்லாக் குழந்தைக்கும் இருக்கிறது. பிறகு பல வருடம் அதை அடக்கி வைத்திருக்கிறது உடம்பு. அடக்கி வைக்கும் வேலையில் சில மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பிடி தளர்ந்தால் சைகை சீக்கிரம் கிளம்பிவிடும். சினைப்பையில் சுரப்பது முதலில் எலும்பை வேகமாக நீட்டும். அப்புறம் அதுவே எலும்பின் வளரும் முனையை மூடிவிடும். அதனால் இன்றைக்கு வகுப்பிலேயே உயரமான பிள்ளை, பெரியவளாகும்போது குள்ளமாக நின்றுவிடுவாள்.

ரெஜினா கேட்டுக்கொண்டே இருந்தவர், "பாவாடையில டக் பிடிப்போமே, அது மாதிரியா டாக்டர்?" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். பிள்ளைகளின் பாவாடைக்கு அடியில் துணியை மூன்று நான்கு மடிப்பாக மடித்துத் தைத்துவைப்பார்கள். வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள். "எல்லா டக்கையும் ஒரே வருசத்துல பிரிச்சிட்டா பாவாடை அன்னைக்குத் தரையத் தொடும். அடுத்த வருசம் பிரிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார் ரெஜினா. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் எல்லா அம்மாக்களுக்கும் இதையே சொல்லப்போகிறேன் என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அதே சைகையை விட்டு விட்டு இல்லாமல் இடைவிடாமல் கொடுப்பதுதான் மருந்து. இடைவிடாமல் கேட்டால் சுரப்பி கண்டுகொள்ளாது. இதை அருள்தாஸ் உடனே பிடித்துக்கொண்டார். "டோல்கேட்ல ஹாரன் ஒட்டிக்கினா மாதிரி. விட்டு விட்டு அடிச்சா திரும்பிப் பாப்பான். ஒரேயடியா அடிச்சிகினே இருந்தா ஒருத்தனும் திரும்ப மாட்டான்."

டாக்டர் சிரித்துவிட்டு அவரிடம் கேட்டார். உங்களுக்கு எந்த வயதில் குரல் உடைந்தது?

"அஞ்சாவதுலயே எனக்கு மீசை டாக்டர். கடைசி பெஞ்சுல நான்தான். புதுசா வந்த வாத்தியாரு எனக்கு வணக்கம் வச்சாரு." பழக்கமான கதை போல. சொல்லிக்கொண்டே சிரித்தார். "அப்புறம் எல்லாவனும் வளந்தானுங்க, நான் அப்படியே நின்னுட்டேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

உங்களோடு பிறந்தவர்கள் யாராவது என்று டாக்டர் கேட்டார். அருள்தாஸ் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு, அக்கா மூணாவது படிக்கும்போதே ஆகிவிட்டாள், வீட்டார் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை, மூன்று வருடம் கழித்துத்தான் ஊரைக் கூட்டி மஞ்சள் நீர் ஊற்றினார்கள் என்றார். எந்த அக்கா ருசியாகச் சமைத்துப் போட்டதாக ரெஜினாவைப் பேசினாரோ அந்த அக்கா.

ரத்தம் எடுத்து அனுப்பித்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். சைகையை அடக்கி வைக்கும் மரபணுக்களில் ஒன்று வித்தியாசமானது. அம்மாவிடமிருந்து வரும் பிரதி ஓய்வில் இருக்கும். அப்பாவிடமிருந்து வருவது மட்டும் வேலை செய்யும். அதில் பிழை இருந்தால் பிள்ளைக்கு வேறு துணை இல்லை. பிறகு வந்த முடிவும் அதுவாகத்தான் இருந்தது.

"அப்ப என்னாலயா?" என்றார் அருள்தாஸ்.

"யாராலயும் இல்ல. உங்க அப்பா உங்களுக்குத் தெரிஞ்சா குடுத்தாரு?" என்றார் டாக்டர்.

நான் ரெஜினாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமாகக் கேட்ட பேச்சுக்கெல்லாம் இப்போது திருப்பிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். அவர் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முட்டை குடுக்கலாமா டாக்டர்?"

கொடுக்கலாம், பாலும் கொடுக்கலாம், வயிறு நிறையக் கொடுங்கள் என்றார் அவர். கேண்டீனுக்குப் போனோம். அருள்தாஸ் இரண்டு அவித்த முட்டை வாங்கிவந்து, தோலை அவரே உரித்து, மனைவியின் தட்டில் ஒன்றும் மகளின் தட்டில் ஒன்றும் வைத்தார். ரெஜினா தன்னுடையதையும் ஸ்டெல்லாவுக்குத் தள்ளினார். அவள் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். நான் கை கழுவப் போவதுபோல் எழுந்துபோய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இதிலிருந்து நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த வருடம் கெடார் பக்கத்தில் எட்டே முக்கால் வயதுப் பெண் ஒருத்தியை, இயல்பாக ஆரம்பித்த வளர்ச்சியைப் பார்த்துப் பயந்து, அவசரம் என்று எழுதி அனுப்பினேன். அந்த அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அளவு எடுத்து, மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்திருந்தால் போதும். முதலில் அலட்சியம், அப்புறம் பதற்றம். இரண்டிலும் நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் இதைச் சரியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அளந்து பாருங்கள், கேளுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வண்டி கிளம்பிவிட்டாலும் இறங்குங்கள். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

என் கடைசி வாரத்தில், நானாகக் கேட்டு, அந்தப் பள்ளிக்குப் போனேன். மகள் எல்.கே.ஜி. போகிறாள், மதியம் கூட்டிவர ஆளில்லை, அதனால் விட்டேன். விட்டது சரியா என்று இன்றும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பை வரிசையில் நிறுத்தினேன். உயரமான தலையைத் தேடினேன், வழக்கம்போல. வேறு ஒருத்தி நின்றாள். ஸ்டெல்லா உயரத்தில் நான்காவது. ஸ்வெட்டர் இல்லை, முதுகு நேராக இருந்தது, முன்னால் நின்றவளின் ரிப்பனை இழுத்துக்கொண்டிருந்தாள். ஊசி இன்னும் கொஞ்ச காலம் போட வேண்டும். மற்ற வளர்ச்சியெல்லாம் அதுவரை காத்திருக்கிறது.

அளந்தேன். எழுதினேன். யாரையும் கைதட்டச் சொல்லவில்லை.

"நாலாவது சிஸ்டர்" என்றாள், நான் கவனிக்கவில்லையோ என்று. அப்புறம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அம்மா கொடுக்கச் சொன்னதாம், உங்கள் பாப்பாவுக்கு. பச்சையில் ஊதாக் கரை வைத்த பாவாடை. உள்பக்கம் மூன்று டக். அளவு நோட்டிலிருந்து கிழித்த துண்டுக் காகிதம் ஒன்று பின் குத்தியிருந்தது: 'சிஸ்டர், அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம்.'

ரெஜினாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைக் கதவோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுகிறவள். போன மாதம் குளிப்பாட்டும்போது அவள் நெஞ்சை மூன்று முறை துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் அவள் "என்னாம்மா தேடற?" என்று கேட்டாள். கோடு போடுவதை இப்போது நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தப் பார்க்கிறேன்.

இன்று காலை அவள் அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியபோது கணுக்கால் தெரிந்தது. மாலையில் உட்கார்ந்து பிரிக்கலாம் என்று கத்திரியை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு டக் மட்டும்.